வெள்ளை கூடின இரத்தமும் வெள்ளைச் சொதியும்

என் அன்புக்குரிய இஞ்சேருங்கோ,

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது புதிதாகத் தொடங்கினால், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவீர்கள். பழைய கூப்பிடுதலே இருக்கட்டும்.

கோயில் மலருக்கு, இறந்தவர்களை நினைத்து ஏதாவது எழுதித் தரச்சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டிருக்கிறார். மற்றவர்கள் ஒரு படமும் இரண்டு வரிச் செபமும் கொடுப்பார்கள். நான் கடிதம் எழுதுகிறேன். குருநகரில் எல்லோரும் வாசிக்கட்டும். முக்கியமாக அவள் வாசிக்கட்டும்.

எவள் என்று கேட்கமாட்டீர்கள். உங்களுக்குத் தெரியும்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளன்று விடிந்தவுடனேயே சேமக்காலைக்கு வந்தேன். சண்டையால் கரண்ட் போய் வருடக்கணக்காகிவிட்டது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எரிக்கிற காலத்தில் மெழுகுதிரிக்கு நான் எங்கே போவேன்? ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, காற்றில் அணையாமல் சேலைத் தலைப்பால் மறைத்துக் கொண்டுவந்தேன். பார்த்தால், உங்கள் கல்லறையில் ஏற்கெனவே ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கிறது. நல்ல தடித்த மெழுகுதிரி. பக்கத்தில் ஒரு பிடி நித்தியகல்யாணிப் பூ.

ஊரில் யாரிடமும் இல்லாத மெழுகுதிரி றெஜினாவுக்கு மட்டும் எங்கேயிருந்து வந்தது? என்னை முந்திக்கொண்டு வர அவள் யார்? சுற்றிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. ஊதி அணைத்துவிட்டேன். அணைத்ததை எடுத்து என் பைக்குள்ளும் போட்டுக்கொண்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? சிரித்தீர்களா, முகத்தைச் சுளித்தீர்களா?

விஷயம் தெரியாமல் மலரை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். றெஜினா உங்கள் தாய்மாமன் மகள், உரித்து மச்சாள். நீங்கள் அரைக்காற்சட்டையோடு திரிந்த காலத்திலேயே அவளுக்கு நீங்கள், உங்களுக்கு அவள் என்று இரண்டு வீட்டிலும் கதைத்து முடித்திருந்தார்கள். அதற்குள் தீவுப் பக்கத்திலிருந்து நண்டு விற்க வந்த என் அப்பாவோடு நானும் வந்து இறங்கினேன். பிறகு நடந்ததெல்லாம் உங்கள் வேலை. நான் நண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பிறகு கலியாணம் கட்டவில்லை. படித்து, ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற பகுதியில் வேலைக்குப் போனாள். ஆனால் உங்களை 'அத்தான்' என்று கூப்பிடுகிற உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வீதியில் கண்டாலும் அத்தான், கோயில் வாசலில் கண்டாலும் அத்தான். நான் 'இஞ்சேருங்கோ' என்றால் ஊரில் பாதி ஆம்பிளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் அத்தான் என்றால் நீங்கள் மட்டும் திரும்புவீர்கள். எனக்குக் காது எரியுமா, எரியாதா?

பிறகு உங்களுக்கு அந்தக் களைப்பு வந்தது. வலை இழுத்துவிட்டு வந்தால் ஒரு நீத்துப்பெட்டிப் புட்டை இருந்த இடத்தில் முடிக்கிறவர், நாலு வாயோடு வயிறு நிரம்பிவிட்டது என்றீர்கள். இடப்பக்க விலாவுக்குக் கீழே கல்லு வைத்திருக்கிறமாதிரிக் கிடக்கிறது என்றீர்கள். காலையில் பாயைத் தொட்டால் வியர்வையில் நனைந்திருக்கும். கடலுக்கு ஒழுங்காய்ப் போகமுடியாத காலம், சாமானெல்லாம் தட்டுப்பாடு, யார்தான் மெலியவில்லை என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்கச் சொன்னார்.

எங்கே? அவளிடம்.

அவள் உங்கள் கையைப் பிடித்து, முழங்கை மடிப்பில் விரலால் தடவித் தடவி நரம்பு தேடியதை வாசலில் நின்று பார்த்தேன். வலை இழுக்கிற கையில் நரம்பைத் தேடவேண்டுமா? ஒவ்வொன்றும் கயிறு மாதிரி எழும்பி நிற்கும். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே எது எங்கே ஓடுகிறது என்று தெரியும். ஆனாலும் அவள் ஆறுதலாகத் தேடினாள், நீங்களும் கையை நீட்டிக்கொண்டு இருந்தீர்கள்.

முடிவு வந்தபோது டொக்டர் எனக்கு விளங்கும்படிதான் சொன்னார். "இரத்தத்திலை வெள்ளை அணு கனக்கக் கூடியிருக்கு."

"என்னத்தாலை டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குக் கனக்கக் காரணம் இருக்கம்மா. சுருட்டுப் பத்தினாலும் கொஞ்சம் கூடும். நீங்கள் வெளியிலை இருங்கோ, நான் இவரோடை கதைக்கவேணும்" என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்களும் தலையாட்டி என்னை வெளியே போகச் சொன்னீர்கள். உள்ளே என்ன கதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லையடி, விற்றமின் குளிசை போடட்டாம்" என்றீர்கள். நான் நம்பினேன். உங்கள் வாயிலிருந்து வந்தால் எதையும் நம்புகிற ஆள்தானே நான்.

சரி, வெள்ளை கூடிவிட்டது. அப்படியென்றால் வெள்ளையைக் குறைக்கவேண்டும், சிவப்பைக் கூட்டவேண்டும். இதற்கு டொக்டருக்குப் படிக்கவேண்டுமா?

அன்றைக்கே உங்கள் சுருட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். பாலை நிறுத்தினேன். வெள்ளைப் புட்டை நிறுத்திக் குரக்கன் புட்டு அவித்தேன். சோறென்றால் நல்ல சிவப்பரிசி. முட்டை கிடைத்தால் மஞ்சட்கரு உங்களுக்கு, வெள்ளைக்கரு எனக்கும் மகள் ஜெசிக்கும். உங்கள் வெள்ளைப் பெனியனைச் சாயத்தில் தோய்த்தேன். என் சிவப்புச் சேலையைக் கிழித்துத் தலையணைக்கு உறை தைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் வெள்ளைச் சட்டை போடவிடாமல் அந்தக் கறுத்தச் சிவப்புச் சட்டையில்தான் அனுப்பினேன். "என்ன, ரெண்டாங் கலியாணமோ?" என்று கோயில் வாசலில் பகிடி பண்ணினார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே, "பொம்பிளை அதே ஆள்தான்" என்றீர்கள்.

எல்லாவற்றையும் பொறுத்தீர்கள். தேங்காய்ப்பால் சொதியை நிறுத்தினபோதுதான் உங்கள் முகம் வாடியது.

பச்சைமிளகாயைத் தணலில் சுட்டு, தோல் கறுத்து வெடித்த பிறகு சொதியில் போடுவது எங்கள் அம்மா வீட்டுப் பழக்கம். கலியாணம் முடித்த புதிதில் நீங்கள் அந்த மிளகாயைக் கோப்பையிலிருந்து தூக்கிப் பார்த்து, "இதென்னடி, அடுப்புக்குள்ளை விழுந்ததை எடுத்துப் போட்டனியோ?" என்று கேட்டீர்கள். பிறகு அது இல்லாமல் உங்களுக்கு ஒரு வாய் இறங்காது. "மிளகாயைச் சுட்டுச் சொதி வைக்கிற ஆள் குருநகரிலை நீ ஒருத்திதான்" என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் சொல்வீர்கள். அந்தச் சொதியைத்தான் நிறுத்தினேன். தேங்காய்ப்பாலைவிட வெள்ளையான சாமான் இந்த உலகத்தில் வேறென்ன இருக்கிறது? மஞ்சள் போட்டாலும் பால் பால்தானே.

சொதிக்குப் பதிலாகப் பீற்றூட். பீற்றூட் கறி, பீற்றூட் சம்பல், பீற்றூட் அவித்த தண்ணீர். நல்ல கறுத்த பீற்றூட் மருதனார்மடம் சந்தைக்குத்தான் வரும், சண்டிலிப்பாய்த் தோட்டக்காரர்கள் கொண்டுவருவார்கள். அதற்காக, இந்த வயதில், விழுந்து முழங்கால் உரஞ்சி, நான் சைக்கிள் பழகினேன். இரத்தம் பார்க்கிற நாட்களில் உங்களைக் கரியரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவேன். "நீ சந்தைக்குப் போட்டு வாவன், நான் உதிலை இருக்கிறன்" என்பீர்கள். எவ்வளவு கரிசனையான மனுசன் என்று நினைத்துக்கொண்டு மிதிப்பேன்.

அடுத்தடுத்த முறை பார்த்தபோது வெள்ளை அணு குறைந்திருந்தது. நன்றாகவே குறைந்திருந்தது. வயிற்றுக் கல்லும் இளகிவிட்டது. நான் றெஜினாவின் முகத்தைப் பார்த்து, "பீற்றூட் வேலை செய்யுது" என்று சொன்னேன். அவள் குனிந்து கடதாசியில் எழுதத் தொடங்கினாள். தோற்றுப்போனவள் என்ன சொல்வாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க நான் நிலத்தில் நடக்கவில்லை.

ஒருநாள் பாதிவழியில் சைக்கிள் செயின் அறுந்துவிட்டது. உருட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். ஆஸ்பத்திரிப் பின்பக்க வேப்பமரத்தடி வாங்கில் நீங்கள் இருந்தீர்கள், பக்கத்தில் அவள். உங்கள் மடியில் கோப்பை. கோப்பையில் இடியப்பம், அதன்மேல் சொதி. நீங்கள் வாய் நிறைய வைத்துக்கொண்டு எதற்கோ சிரித்தீர்கள். என்னோடு அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று எனக்கு அந்த நேரத்தில் யோசனை ஓடியது.

நான் மருதனார்மடத்தில் ஒவ்வொரு பீற்றூட்டாய்ச் சுரண்டிச் சுரண்டி நிறம் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் நீங்கள் இங்கே அவள் கையால் சொதி குடித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்! சைக்கிளை அப்படியே விழவிட்டேன். "நான் குறைக்கிறன், இவள் கூட்டுறாளோ?" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வா, வீட்டை போவம்" என்றீர்கள். நீங்கள் உருட்ட, நான் அழுதுகொண்டு பின்னால் நடந்தேன்.

அதற்குப் பிறகு வெள்ளை மறுபடி கூடியது. பல்லீறில் இரத்தம் கசிந்தது. தொட்ட இடமெல்லாம் நீலமாய்க் கன்றியது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் நீங்கள் போனீர்கள்.

நான் என்ன நினைத்திருப்பேன்? பீற்றூட் குறைத்தது, சொதி கூட்டியது. பெட்டியை மூடுவதற்கு முன்பு அவள் வந்து உங்கள் கையைத் தொடப் போனாள். நான் தட்டிவிட்டேன். "தொடாதை. உன்ரை சொதிதான் அவரைத் திண்டது" என்றேன். ஊரே கேட்டது. அவள் கையை இழுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நின்றாள். அன்றிலிருந்து நாங்கள் கதைப்பதில்லை.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை இனித்தான் இருக்கிறது.

கல்லறைத் திருநாள் கழிந்து கொஞ்ச நாளில் ஜெசிக்குக் காய்ச்சல் வந்தது. கரையில் மீனை வகைவகையாய்த் தெரிந்துகொடுக்கப் போனவளுக்குக் காலில் கெளுத்தி முள் ஏறியிருந்தது. எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டாள். உங்கள் மகளல்லவா, மறைக்கிற குணம் எங்கே போகும்? கால் வீங்கி, பிள்ளை அனலாய்க் கொதித்தபோதுதான் கண்டேன். டொக்டர் பார்த்துவிட்டு, வீட்டுக்கு விடாமல் வாட்டில் மறித்தார். இரத்தமும் சோதிக்கச் சொன்னார்.

நான் அவளிடம் போனேன். போகாமல் என்ன செய்வது? அவள் ஜெசியின் கையில் இரத்தம் எடுத்தாள். பின்னேரம் கடதாசியைத் தந்தாள். வெள்ளை அணு. பக்கத்தில், 'கூட' என்று எழுதியிருந்தது.

ஜெசி கட்டிலில் படுத்தபடி என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, எனக்கும் அப்பான்ரை வருத்தமோ?" என்று கேட்டாள். பிள்ளை கேட்கிற கேள்வியா இது? பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"பிலோ, பிள்ளையை விட்டுட்டு எங்கை ஓடுறீர்?" பின்னால் றெஜினாவின் குரல்.

"சந்தைக்கு. பீற்றூட் வாங்க."

ஓடி வந்து கையைப் பிடித்தாள். "பீற்றூட் வேண்டாம். உள்ளுக்கு வாரும்."

"கையை விடும்."

"விடமாட்டன். ஒருக்கா வந்து பாரும். பிறகு எங்கையெண்டாலும் போம்."

அந்த அறைக்குள் நான் அதற்கு முன் போனதில்லை. நீங்கள்தான் போவீர்கள். யன்னலோரம் ஒரு மேசை, அதில் நுணுக்குக்காட்டி. அதன் அடியில் சின்ன வட்டக் கண்ணாடி. கரண்ட் இல்லாததால் வெயிலை அந்தக் கண்ணாடியில் பிடித்துத்தான் இரத்தம் பார்ப்பாளாம். மழைக்காலம், மூடிக்கிடந்தது. முகில் விலகுமட்டும் இரண்டு பேரும் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெயில் வந்ததும் அவள் கண்ணாடியைத் திருப்பி, "இப்ப பாரும்" என்றாள்.

பார்த்தேன். வெளிர் சிவப்பில் கனக்க வட்டங்கள். அவற்றுக்கு நடுவே அங்கும் இங்கும், நாவற்பழ நிறத்தில் சில.

"அந்த ஊதா நிறத்திலை இருக்கிறதுகள்தான் வெள்ளை அணு" என்றாள்.

"உதோ? உது வெள்ளையே இல்லையே!"

"சாயம் போட்டபடியால் அப்பிடித் தெரியுது. போடாட்டி அதுக்கு ஒரு நிறமும் இல்லை, பிலோ. வெள்ளை எண்டு சும்மா ஒரு பேர்."

ஒரு நிறமும் இல்லையாம். நான் உங்கள் பெனியனுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் இங்கே உங்கள் இரத்தத்துக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உங்களைக் கட்டி, உங்களுக்குப் பிள்ளை பெற்ற நான் உங்கள் தோலைத்தான் கண்டேன். இவள் உள்ளே இருந்ததையெல்லாம் கண்டிருக்கிறாள். அந்த அவதியிலும் எனக்கு அதுதான் சுட்டது.

"ஏன் கூடினது? அதைச் சொல்லும்."

"காலுக்குள்ளை முள் முறிஞ்சு கிடக்கு. கிருமி போயிருக்கு. அதோடை சண்டைபிடிக்க உடம்பு ஆள் சேர்க்குது. இந்த நேரம் கூடாட்டித்தான் நாங்கள் பயப்பிடவேணும்" என்றாள். "கூடினது எண்ட ஒண்டை மட்டும் வைச்சு ஒரு வருத்தத்தையும் சொல்லேலாது. காய்ச்சலுக்குக் கூடும். நெருப்புச் சுட்டாலும் கூடும். பிள்ளைத்தாச்சிக்குக் கூடும். வயித்திலை பூச்சி, இழுப்பு எண்டால் வேறை ஒரு சாதி கூடும். பயந்தாலும் கொஞ்சம் கூடும், உம்மடை இரத்தத்தை இப்ப எடுத்தால் அதுவும் கூடித்தான் இருக்கும். எந்தச் சாதி கூடினது, ஏன் கூடினது எண்டுதான் பார்க்கவேணும். நான் பார்த்திட்டன். ஜெசிக்கு வந்தது நல்ல ஆக்கள்."

எனக்கு மூச்சு வந்தது. கதிரையில் இருந்தேன். பிறகு, இவ்வளவு காலமும் கேட்காததைக் கேட்டேன். "அவருக்கு?"

அவள் கண்ணாடித் துண்டைக் கழற்றித் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அத்தானுக்கு முள்ளும் இல்லை, கிருமியும் இல்லை. எலும்புக்குள்ளை, இதுகள் ஊறுற இடத்திலையே பிழைச்சுப்போச்சு. ஒரு தேவையும் இல்லாமல் ஊறி ஊறி வந்தது. கனக்க முத்தாததுகள், சண்டைபிடிக்கத் தெரியாததுகள். தாங்களே நிறைஞ்சு நிண்டு மற்றதுகளுக்கு இடம் விடேல்லை. இரத்தப் புற்றுநோய், பிலோ. இதை நான் விளங்கப்படுத்தேக்கை அத்தான் என்ன சொன்னவர் தெரியுமோ? 'அப்ப வலை பாரமாத்தான் இருக்கு, உள்ளுக்கு முழுக்கச் சொறிமுட்டை எண்டு சொல்லு' எண்டார்."

மீன் என்று நம்பி நாலு பேர் சேர்ந்து இழுத்த வலைக்குள், கைபட்டால் அரிக்கிற அந்தச் சொறிமுட்டைக் கூழ் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று குருநகரில் யாருக்குச் சொல்லித் தரவேண்டும்? நான் உங்கள் வலை கழுவாதவளா? இந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லியிருந்தால் எனக்கு எல்லாமே விளங்கியிருக்குமே. ஏன் அவளிடம் சொன்னீர்கள்? சாவைப் பற்றி ஒரு மனுசன் தன் மனுசியோடு கதைக்காமல் யாரோடு கதைப்பான்?

"பீற்றூட்டிலை குறைஞ்சதெல்லோ?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாய்க் கேட்டது.

"குளிசையிலை குறைஞ்சது. விற்றமின் எண்டு அத்தான் உமக்குச் சொன்னது அதைத்தான். டொக்டர் எழுதித் தர, நான் கொழும்பிலை இருந்து எடுப்பிச்சுக் குடுத்தனான். குறைக்கும், ஆனால் மாத்தாது. கடைசியிலை அதுக்கும் அடங்கேல்லை."

குளிசையும் அவள் கையால்தான்! நான் மிதித்த மிதிக்கு ஒரு அணுகூடக் குறையவில்லை. சொன்னால் நம்புங்கள், நோயைவிட அதுதான் எனக்கு அந்த நேரம் வலித்தது.

"அப்ப சொதி?"

"சொதியிலை ஒண்டும் கூடேல்லை, பிலோ. அத்தான் எதைச் சாப்பிட்டிருந்தாலும், சாப்பிடாமல் விட்டிருந்தாலும், அவ்வளவுதான்."

"ஊருக்கு முன்னாலை நான் உம்மை என்ன சொன்னனான். இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லக்கூடாதெண்டு அத்தானுக்கு வாக்குக் குடுத்தனான். 'அவள் அவிக்கட்டும். கையிலை அகப்பை இருக்குமட்டும் அவள் விழமாட்டாள்' எண்டவர். அவர் செத்த உடனை நான் எப்பிடி அதைப் பறிக்கிறது?"

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பற்றிக் கதைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

அடுத்த நாள் ஜெசியின் காலைக் கீறிச் சீழெடுத்தார்கள், முள்ளும் வந்தது. ஊசி போடப் போடக் காய்ச்சல் இறங்கியது. மத்தியானம் றெஜினா தூக்குவாளியோடு வாட்டுக்கு வந்தாள். இடியப்பமும் சொதியும். ஜெசி நல்லாகச் சாப்பிட்டு மிச்சத்தை என்னிடம் தந்தாள். எனக்கும் பசி, முதல் நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வேண்டாவெறுப்பாய் ஒரு வாய் வைத்தேன்.

வாயில் வைத்ததும் தெரிந்தது. புகை மணம். விரலால் துழாவினேன். தோல் கறுத்து வெடித்த பச்சைமிளகாய்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மிளகாயைச் சுட்டுப்போட உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"ஆர் சொல்லித் தருவினம்?" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. "முதல்நாள் என்ரை பாட்டுக்கு என்ரை மாதிரி வைச்சுக் கொண்டுவந்தனான். ஒரு வாய் வைச்சிட்டு, 'நல்லாயிருக்கு, ஆனால் மிளகாயைச் சுட்டுப் போடவேணும்' எண்டார். அடுத்தமுறை சுட்டுப் போட்டன். 'தேசிக்காய்ப் புளியை அடுப்பாலை இறக்கினாப் பிறகு விடு' எண்டார். பிறகு வெந்தயம் கூடிப்போச்சாம். அத்தானுக்குச் சரிவருமட்டும் வைச்சு வைச்சுப் பழகினன். நீர் கண்ட அண்டைக்குத்தான், 'இப்பதான் பிலோவின்ரை சொதி' எண்டு சொல்லிச் சிரிச்சவர்." யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ரை அடுப்பிலை, என்ரை கையாலை, நான் உம்மடை சொதி வைச்சனான். எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? எரிச்சல்படுற உரிமை உமக்கு மட்டுமோ?"

நீங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவம் என்று பிறகுதான் நினைத்தேன். முதலில் வந்தது சந்தோஷம். அந்த வாங்கில் நீங்கள் சிரித்த சிரிப்பு என்னுடையது. அவ்வளவு காலமும் அதை நினைத்து வெந்தது நான், ஆனால் பக்கத்தில் இருந்து வெந்தது அவள்.

கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் வைத்திருந்தாள். உப்பு ஒரு சொட்டுக் குறைவு, அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் சரியாக்கிவிடுவாள்.

மன்னிப்புக் கேட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கவில்லை, வாய் வரவில்லை. தூக்குவாளியைக் கழுவி, நண்டுக்கறி வைத்துத் திருப்பி அனுப்பினேன். அவள் வாளியை ஜெசியிடமிருந்து வாங்கிக்கொண்டு, "அம்மாவைச் சுகம் கேட்டதெண்டு சொல்லு" என்றாளாம். அவ்வளவுதான் எங்கள் சமாதானம். இப்போது வீதியில் கண்டால் அவள் சிரிக்கிறாள். நானும் பாதிச் சிரிப்புச் சிரிக்கிறேன்.

ஜெசி நொண்டாமல் நடக்கிறாள். பீற்றூட்டை இந்த வீட்டில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் கறுத்தச் சிவப்புச் சட்டையை மட்டும் வைத்திருக்கிறேன். இன்றைக்குச் சொதி வைத்தேன், நீங்கள் போன பிறகு முதல் தடவை. மிளகாயைச் சுட்ட மணம் போனதும், "அப்பா வந்தமாதிரிக் கிடக்கு" என்றாள் ஜெசி. நீங்கள் வந்தீர்களா? வந்தால் எந்த வீட்டுக்கு முதலில் போவீர்கள்?

உங்கள் ஆண்டுப் பூசையன்று றெஜினாவை வீட்டுக்குக் கூப்பிடுவேன். என் சொதியை என் வீட்டில் வைத்து அவளுக்குச் சாப்பாடு போடுவேன். வருகிற கல்லறைத் திருநாளுக்கு உங்களிடம் சேர்ந்தே வருவோம். நான் அணைத்துப் பையில் போட்ட அந்த மெழுகுதிரி அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது, அதை அவள் கையிலேயே கொடுப்பேன். அவள் கொளுத்தட்டும். ஆனால் முதலில் எரிவது என் ஜாம் போத்தல் விளக்கு. அவளுடைய திரிக்கு நெருப்பு அதிலிருந்துதான் எடுக்கவேண்டும். இது சத்தியம்.

குருநகரில் மிளகாயைச் சுட்டுச் சொதி வைக்கிற இரண்டு பேரில் முதலாமவள்,
உங்கள் மனுசி
பிலோமினா